பாதியில் நின்ற சோதனைகள் – 7: துடிப்பை அடக்கிய மாத்திரை

மாரடைப்பு வந்து பிழைத்து வீடு திரும்பியவர். உப்பைக் குறைத்து, சிகரெட்டை விட்டு, வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டவர். அப்படிப்பட்டவர் ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து இறந்துபோவார். 1960-களிலும் 70-களிலும் அமெரிக்க இதய மருத்துவர்களை மிகவும் அலைக்கழித்தது இந்தத் திடீர் மரணம்தான். அதற்குப் புதிதாக ஓர் அடைப்பு வரவேண்டும் என்பதில்லை. இதயத்தின் கீழறை திடீரென்று ஒழுங்கு கெட்டு நடுங்கத் தொடங்கும். நடுங்கும் இதயம் ரத்தத்தைத் தள்ளாது. சில நிமிடங்களுக்குள் மின்அதிர்ச்சி கொடுத்து நிமிர்த்தாவிட்டால் ஆள் இல்லை.

யாருக்கு இது வரும் என்று முன்கூட்டி அறிய முடிந்தால்? மொன்டானா மாநிலத்தில் ஹெலினா என்ற சிறிய ஊரில் நார்மன் ஹோல்டர் உருவாக்கிய கருவி அதற்கு வழி திறந்தது. உடம்போடு கட்டிக்கொண்டு நடமாடக்கூடிய ஈ.சி.ஜி. அது. இன்றும் அதை ‘ஹோல்டர்’ என்றே சொல்கிறோம். நாள் முழுவதும் பதிவான துடிப்புகளைப் புரட்டிப் பார்த்தபோது, தன் முறை வருமுன்பே முந்திக்கொண்டு வரும் சில துடிப்புகள் கண்ணில் பட்டன. மருத்துவர்கள் ‘எக்ஸ்ட்ரா பீட்’ என்பார்கள். மிகைத் துடிப்பு என்று வைத்துக்கொள்வோம். நல்ல இதயத்திலும் அது எப்போதாவது வரும், கேடு ஒன்றுமில்லை. ஆனால் மாரடைப்பு கண்டவர்களில் மிகைத் துடிப்பு அடிக்கடி வருவோர் மற்றவர்களைவிட அதிகமாக இறந்தார்கள் என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு சொன்னது. ஹார்வர்டில் இருந்த பெர்னார்ட் லௌன் இந்தத் துடிப்புகளுக்கு ஒரு தரவரிசையே வகுத்தார். எது சாதாரணம், எது ஆபத்தின் அறிகுறி என்று இதயப் பிரிவுகளில் அதை வைத்தே பேசினார்கள்.

இதுவரை எல்லாம் சரி. அடுத்து எடுத்து வைத்த அடியில்தான் சிக்கல். மிகைத் துடிப்பு உள்ளவர் அதிகம் இறக்கிறார். ஆகவே மிகைத் துடிப்பை மருந்தால் அடக்கினால் இறக்கமாட்டார். கேட்கும்போது மறுக்கத் தோன்றாத வாதம் இது. எனக்கும் தோன்றியிருக்காது. பாடநூல்களில் ஏறி, மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டு, ஒரு தலைமுறை மருத்துவர்களின் கை தானாக மருந்துச் சீட்டை நோக்கிப் போகும் அளவுக்கு அது ஊறிவிட்டது. அடக்கினால் பிழைக்கிறார்களா என்று மட்டும் யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

மருந்துக் கம்பெனிகளுக்கு இது பெரிய சந்தை. பழைய மருந்துகள் வயிற்றைப் புரட்டும், எல்லோராலும் தாங்க முடியாது. 1985-ல் ஃப்ளெகெய்னைடு, 1986-ல் என்கெய்னைடு என்று இரண்டு புதிய மாத்திரைகளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. அனுமதியின் வாசகம் குறுகியது. மருத்துவர்களோ எந்தத் தொந்தரவும் உணராத, ஹோல்டர் தாளில் மட்டும் மிகைத் துடிப்பு தெரிந்தவர்களுக்கும் தாராளமாக எழுதிக்கொடுத்தார்கள். மாத்திரைகள் சொன்ன வேலையை அற்புதமாகச் செய்தன. சுமார் 500 பேரிடம் நடந்த ஒரு முன்னோட்ட ஆய்வில் இந்த இரண்டு மாத்திரைகளும் ஐந்தில் நான்கு பேருக்கு மிகைத் துடிப்பை அடக்கிவிட்டன. மாத்திரைக்கு முன் எடுத்த தாளில் கோணல்மாணலாக இருந்த கோடு, பின் எடுத்த தாளில் சீராக ஓடியது. அதைக் கையில் பிடித்துப் பார்த்த மருத்துவருக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், ரத்த ஆய்வு நிறுவனம் வேறு சாட்சி கேட்டது. 1987-ல் தொடங்கிய அந்தப் பெரிய சோதனையின் பெயர்ச்சுருக்கம் ‘காஸ்ட்’. அமெரிக்கா, கனடா, ஸ்வீடன் ஆகிய நாடுகளில் மொத்தம் 27 மையங்கள். கணக்கெல்லாம் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேரும். மாரடைப்பு வந்து ஆறு நாள் முதல் இரண்டு ஆண்டுக்குள் இருப்பவர்கள், மணிக்கு ஆறு மிகைத் துடிப்பாவது உள்ளவர்கள், இவர்களைச் சேர்ப்பார்கள். முதலில் எல்லோருக்கும் உண்மையான மருந்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள். என்கெய்னைடு, ஃப்ளெகெய்னைடு, மோரிசிசின் என்ற மூன்றில் எதற்காவது மிகைத் துடிப்பு அடங்கியவர்களை மட்டும் வைத்துக்கொள்வார்கள். அடங்காதவர்களுக்கும் மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் சோதனையில் இடமில்லை. தேறியவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அடக்கிய அதே மருந்து, மறு பாதிக்குப் பார்வைக்கு அதேபோல் இருக்கும் போலி மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது.

இந்தப் போலி மாத்திரைக்கு எதிர்ப்பு வந்தது. மருந்துக்கு அடங்குகிறது என்று கண்ணால் பார்த்த பிறகும் ஒரு மனிதருக்கு மாவு மாத்திரை கொடுப்பதா, திடீர் மரணத்துக்கு அவரைத் திறந்துவிடுவதா என்று கேட்டார்கள். இது அறமில்லை என்று தம் நோயாளிகளை அனுப்ப மறுத்த மருத்துவர்கள் பலர். நல்லெண்ணத்தில்தான் மறுத்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அனுப்பாமல் வைத்துக்கொண்ட நோயாளிக்கு அவர்கள் தம் கையாலேயே அந்த மருந்தை எழுதிக்கொடுத்தார்கள்.

இனி, நடக்கும் சோதனைக்குள் எட்டிப் பார்ப்பது யார் என்ற கேள்வி. சோதனை நடத்தும் மருத்துவர்கள் பார்க்கக்கூடாது. பார்த்தால் ஆசை புகுந்துவிடும். அதேசமயம் யாருமே பார்க்காமல் கடைசி நாள்வரை கண்ணை மூடிக்கொண்டு ஓட்டவும் கூடாது. நடுவில் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கலாம். 1967-ல் பெர்னார்ட் கிரீன்பர்க் என்ற புள்ளியியலாளரின் தலைமையில் ஒரு குழு அமெரிக்க அரசின் இதய ஆய்வு நிறுவனத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. சோதனையில் பங்கில்லாத சிலர் குழுவாக உட்கார்ந்து, அவ்வப்போது கணக்கைப் பார்த்து, தேவையானால் நிறுத்தச் சொல்ல வேண்டும் என்றது அது. இந்தத் தொடரில் நாம் பார்க்கும் அநேகமாக எல்லா நிறுத்தங்களுக்கும் பின்னால் அப்படியொரு கண்காணிப்புக் குழு இருக்கிறது.

அந்தக் குழுவுக்கும் ஒரு பொறி உண்டு. அடிக்கடி எட்டிப் பார்த்தால் தற்செயல் ஏமாற்றும். எந்த வேற்றுமையும் இல்லாத இரண்டு மருந்துகளை ஒப்பிட்டாலும், நூற்றில் ஐந்து முறை வேற்றுமை இருப்பதுபோல் எண்கள் காட்டும். அது ஒரே ஒரு முறை, கடைசியில் பார்த்தால். நடுநடுவே ஐந்து முறை பார்த்து, வேற்றுமை தெரிந்த உடனே நிறுத்துவது என்று வைத்துக்கொண்டால், அந்த ஐந்து ஏறக்குறைய பதினான்கு ஆகிவிடும். பிரிட்டனின் பீட்டர் ஆர்மிட்டேஜும் அவருடைய சகாக்களும் 1969-ல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதனால்தான் பின்னால் வந்தவர்கள் ஓர் எல்லைக்கோடு வகுத்தார்கள். தொடக்கத்தில் அந்தக் கோடு எட்டாத உயரத்தில் இருக்கும். மலைக்கவைக்கும் வேற்றுமை இருந்தால் மட்டுமே தாண்ட முடியும். சோதனை முடிவை நெருங்க நெருங்கக் கோடு இறங்கிவரும்.

காஸ்ட் சோதனையில் இந்தக் கோட்டைப் பற்றி நடந்த ஒரு வாதம், இந்த வரலாற்றிலேயே எனக்கு மிக முக்கியமாகப் படுவது. முதலில் வகுத்த திட்டத்தில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: மருந்து உயிரைக் காக்கிறதா, இல்லையா? மருந்து கொல்லுமோ என்ற கேள்விக்கு அதில் தனியாகக் கோடே இல்லை. அப்படி ஒரு சாத்தியம் இருப்பதாகவே பெரும்பாலோர் நினைக்கவில்லை. தனிக் கண்காணிப்புக் குழு அதை ஏற்கவில்லை. நன்மைப் பக்கம் ஒரு கோடு போட்டால் தீமைப் பக்கமும் அதே தூரத்தில் ஒரு கோடு போடுங்கள் என்று கேட்டு, போடவைத்தது. ஒரு மரணமும் பதிவாகாத கட்டத்தில், வெறும் காகிதத்தில், எல்லோரும் தேவையில்லை என்று நினைத்த ஒரு கோட்டை வற்புறுத்திக் கேட்டவர்களுக்கு நான் தலைவணங்குகிறேன். தீமை தெரிந்த பிறகு நிறுத்துவதற்கு மனசாட்சி போதும். அது தெரியுமுன்பே அதற்கு இடம் ஒதுக்கிவைக்க, தம் துறையின் நம்பிக்கையையே சந்தேகிக்கும் நேர்மை வேண்டும்.

1988 செப்டம்பரில் குழு எண்களைப் பார்த்தது. மருந்து எது, போலி எது என்று அப்போது குழுவுக்கே தெரியாது. தாளில் ‘எக்ஸ்’ பிரிவு, ‘ஒய்’ பிரிவு என்று மட்டும் இருந்தது. ஒரு பிரிவில் திடீர் மரணங்கள் ஒற்றை இலக்கத்தில். மற்றதில் அதைப்போல் பல மடங்கு. ஆனால் மொத்தமாகவே மரணங்கள் கொஞ்சம். சோதனை முடிவதற்குள் எதிர்பார்த்தவற்றில் சிறு பகுதிதான் வந்திருந்தது. குழு உறையைப் பிரிக்கச் சொல்லவில்லை. சோதனை தொடரட்டும் என்று கலைந்தது.

அங்கிருந்து அடுத்த ஏப்ரல் வரை இறந்தவர்களை நினைக்காமல் இந்த இடத்தைக் கடக்க என்னால் முடியவில்லை. அன்றே பிரித்திருந்தால் சிலராவது பிழைத்திருப்பார்கள். இன்னொரு கணக்கும் இருக்கிறது. அந்தச் சில மரணங்களை மட்டும் வைத்து அன்று நிறுத்தியிருந்தால், அமெரிக்கா முழுவதும் இந்த மாத்திரைகளை எழுதிக்கொண்டிருந்தவர்கள், “தற்செயல், அவசரப்பட்டுவிட்டார்கள்” என்று ஒதுக்கிவிட்டுத் தொடர்ந்து எழுதியிருப்பார்கள். சோதனைக்கு உள்ளே இருந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். வெளியே அதே மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தவர்கள் அதைவிட எத்தனையோ மடங்கு. எப்போது நிறுத்துவது என்ற கேள்வியின் முழுப் பாரமும் இந்த இரண்டு கணக்குக்கு நடுவில்தான் இருக்கிறது. குழுவில் இருந்தவர்கள் அதைச் சுமந்தார்கள். அவர்கள் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன், ஆனால் நிம்மதியோடு சொல்லவில்லை.

1989 ஏப்ரல் நடுவில் குழு மீண்டும் கூடியது. இம்முறை உறை பிரிந்தது. என்கெய்னைடோ ஃப்ளெகெய்னைடோ உண்டவர்கள் 730 பேர், அவற்றுக்கு ஈடான போலி மாத்திரை உண்டவர்கள் 725 பேர். சராசரியாகப் பத்து மாதம் கவனித்திருந்தார்கள். துடிப்பு ஒழுங்கு கெட்டு இறந்தவர்களும் இதயம் நின்று மீட்கப்பட்டவர்களுமாக, போலி பக்கம் 9 பேர், மருந்து பக்கம் 33 பேர். எல்லாக் காரணங்களையும் சேர்த்து இறந்தவர்கள் போலி பக்கம் 22, மருந்து பக்கம் 56. தீமைக்கென்று வற்புறுத்திப் போடவைத்த அந்தக் கோட்டை எண்கள் தாண்டிப் போயிருந்தன. ஒரு மருந்தில் மட்டுமல்ல, இரண்டிலும் அதே கதை.

அந்த இரண்டு மருந்துகளையும் உடனே நிறுத்தச் சொன்னார்கள். நாடெங்கும் மருத்துவர்களுக்கு எச்சரிக்கை போனது. ஆகஸ்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முதற்கட்ட அறிக்கை வந்தது. 1991 மார்ச்சில் டெப்ரா எக்ட் முதல் ஆசிரியராக எழுதிய முழுக் கணக்கும் வந்தது: மருந்து பக்கம் 755 பேரில் 63 மரணம், போலி பக்கம் 743 பேரில் 26.

படித்த இதய மருத்துவர்கள் பலரால் முதலில் நம்ப முடியவில்லை. அதற்கு நியாயம் இருக்கிறது. ஒரு மருத்துவரிடம் இந்த மாத்திரை உண்பவர் முப்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். பத்து மாதத்தில் போலி மாத்திரையோடு நூற்றுக்கு மூன்று பேர் இறப்பார்கள், மருந்தோடு நூற்றுக்கு ஏழெட்டுப் பேர். அவருடைய முப்பது பேரில் ஒருவர் இறக்கவேண்டிய இடத்தில் இரண்டு பேர் இறப்பார்கள். இரண்டு பேரும் ஏற்கெனவே மாரடைப்பு கண்டவர்கள். எப்போது வேண்டுமானாலும் போய்விடலாம் என்று குடும்பமே பயந்துகொண்டிருந்தவர்கள். கடைசியாக எடுத்த ஹோல்டர் தாளில் கோடு சீராக இருக்கும். “நம்மால் ஆனதையெல்லாம் செய்தோம்” என்று அவர் நம்புவார், குடும்பமும் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டுப் போகும். எவ்வளவு கூர்மையான அனுபவசாலியாக இருந்தாலும் தன் அறையில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கூடுதல் மரணத்தை ஒருவர் பார்த்திருக்க முடியாது. குலுக்கிப் பிரித்து, இரு பக்கமும் எண்ணினால் மட்டுமே அது தெரியும்.

மருந்து ஏன் கொன்றது? இதயத்தில் ஒவ்வொரு துடிப்பும் ஒரு மின் அலை. செல்லின் சுவரில் உள்ள சிறு வாயில்கள் வழியாக சோடியம் உள்ளே பாய்வதால் அந்த அலை ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. இந்த மாத்திரைகள் அந்த வாயில்களை அடைப்பவை. அதனால் மிகைத் துடிப்பு கிளம்புவது குறைந்தது. கூடவே எல்லா மின் அலையும் மெதுவாகியது. நல்ல இதயத்தில் அலை ஒருமுறை பரவி ஓய்ந்துவிடும், ஏனென்றால் இப்போதுதான் துடித்த தசை உடனே மறுபடி துடிக்காது. மாரடைப்பு கண்ட இதயத்திலோ தழும்பு இருக்கிறது, தழும்பின் ஓரத்தில் அரைகுறையாக உயிரோடிருக்கும் தசை இருக்கிறது. மெதுவாகிப்போன அலை அந்தத் தழும்பைச் சுற்றிவந்து கிளம்பிய இடத்தைத் தொடும்போது, அங்குள்ள தசை ஓய்வெடுத்து மறுபடி துடிக்கத் தயாராகியிருக்கும். அலை நிற்காமல் சுற்றத் தொடங்கும். அதன் முடிவுதான் அந்த நடுக்கம். எந்த மரணத்தைத் தடுக்கக் கொடுத்தார்களோ அதையே மாத்திரை வரவழைத்தது.

இந்த வகை மருந்துகள் சில சமயம் துடிப்பை இன்னும் கெடுக்கும் என்று முன்பே தெரியும். ஆனால் தொடங்கிய முதல் சில நாட்களிலேயே அது தெரிந்துவிடும், அந்த நாட்களைத் தாண்டியவருக்குப் பயமில்லை என்று நினைத்தார்கள். காஸ்ட் சோதனையில் சேர்ந்தவர்கள் எல்லோரும் அந்த நாட்களைத் தாண்டியவர்கள், மருந்து ஒத்துக்கொண்டவர்கள். ஆனாலும் மரணங்கள் மாதாமாதம் விழுந்துகொண்டே இருந்தன.

சென்ற இதழில் எழுதிய ப்ரோப்ரனலால் சோதனையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். மாரடைப்பு கண்ட 3,837 பேரிடம் நடந்த அந்தச் சோதனை, 1981-ல் ஒன்பது மாதம் முன்னதாக நின்றது. மருந்து உயிர்களைக் காக்கிறது என்று தெளிவாகிவிட்டதால் நின்றது. மிகைத் துடிப்பை அடக்குவதில் ப்ரோப்ரனலால் பெரிய வீரனில்லை. ஹோல்டர் தாளை மட்டும் வைத்துப் போட்டி நடத்தியிருந்தால் ஃப்ளெகெய்னைடு அதைச் சுலபமாக வென்றிருக்கும்.

மூன்றாவது மருந்தான மோரிசிசின் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சோவியத் நாட்டில் உருவான மருந்து அது. 1989-ல் அதைப் பற்றித் தீர்மானிக்கப் போதிய எண்கள் இல்லாததால், அதை மட்டும் வைத்து இரண்டாவது காஸ்ட் தொடர்ந்தது. 1991 ஆகஸ்டில் அதுவும் நின்றது. மருந்து தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே இறந்தவர்கள் அல்லது இதயம் நின்றவர்கள் 665 பேரில் 17. போலி பக்கம் 660 பேரில் 3. அதே ஆண்டில் என்கெய்னைடை அதன் கம்பெனி சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. ஃப்ளெகெய்னைடு இன்றும் இருக்கிறது. தழும்பில்லாத இதயத்தில், மேலறைத் துடிப்பு ஒழுங்கு கெடும்போது அது பயன்படுகிறது. மாரடைப்பு கண்டவருக்குக் கூடாது என்ற எச்சரிக்கையோடு. சோதனைக்கு வெளியே இம்மருந்துகளால் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. தாமஸ் மூர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1995-ல் எழுதிய நூலில் பல்லாயிரம் என்று மதிப்பிட்டார். மதிப்பீடுதான். அதைப் பாதியாக வெட்டினாலும் மனம் ஆறாது.

என்னை இதைவிட வருத்தும் ஒரு துணுக்கை இங்கே சேர்க்கவேண்டும். காஸ்ட் தொடங்குவதற்கு ஏழு ஆண்டு முன்பு, 1980-ல், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஜான் ஹாம்டனும் சகாக்களும் லோர்கெய்னைடு என்ற இன்னொரு மருந்தைச் சோதித்தார்கள். என்கெய்னைடு, ஃப்ளெகெய்னைடின் உறவுக்கார மருந்து. மாரடைப்பு வந்த சுமார் நூறு பேர். மருந்து மிகைத் துடிப்பை நன்றாகவே அடக்கியது. மருந்து பக்கம் 9 பேர் இறந்தார்கள், போலி பக்கம் ஒருவர். சிறிய சோதனை, தற்செயலாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைத்தார்கள். கம்பெனியும் வியாபாரக் காரணங்களுக்காக அந்த மருந்தைக் கைவிட்டது. ஆகவே அந்த எண்கள் எங்கும் அச்சாகவில்லை. 1993-ல்தான், எல்லாம் முடிந்த பிறகு, அவர்களே அதை வெளியிட்டார்கள். அன்றே வெளியிட்டிருந்தால் முன்னெச்சரிக்கையாக இருந்திருக்கும் என்று அவர்களே எழுதினார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே, பேசாமல் இருந்ததால் மட்டும், ஓர் எச்சரிக்கை பதின்மூன்று ஆண்டு அலமாரியில் கிடந்தது.

இன்று அப்படிக் கிடப்பது முன்பைவிடக் கடினம். 2000-ல் அமெரிக்காவில் சோதனைகளுக்கான பொதுப் பதிவேடு வந்தது. 2005-லிருந்து, முன்கூட்டிப் பதிவு செய்யாத சோதனையை அச்சிடமாட்டோம் என்று பெரிய மருத்துவ இதழ்கள் சேர்ந்து விதித்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பதிவேடு 2007-ல் தொடங்கி, 2009 ஜூனிலிருந்து இங்கே மருந்துச் சோதனைகளுக்குக் கட்டாயமாகிவிட்டது. உங்களையோ வீட்டில் ஒருவரையோ ஏதாவது ஒரு சோதனையில் சேரச் சொன்னால், அதன் பதிவு எண்ணைக் கேளுங்கள். இணையத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். தனிக் கண்காணிப்புக் குழு இருக்கிறதா, எந்தக் கட்டத்தில் எண்ணிப் பார்ப்பார்கள், தீமை தெரிந்தால் எங்கே நிறுத்துவார்கள் என்றும் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்த இதழில் இதற்கு நேர் எதிரான ஒரு நிறுத்தம்: 1986 செப்டம்பர், எய்ட்ஸ் நோயாளிகள் 282 பேர், மருந்து பக்கம் ஒருவரும் போலி பக்கம் 19 பேரும் இறந்திருந்த நிலையில் நிறுத்தப்பட்ட ஏ.இசட்.டி. சோதனை. அத்தனை தெளிவான எண்களோடு நின்ற சோதனையும் எந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் போயிற்று என்று பார்ப்போம்.